பெங்களூரில் பிஎம் சூர்ய கர் சோலார்: பட்டியலில் உள்ள வெண்டர்களில் யாரை நம்புவது?

கேள்வி – ராமமூர்த்திநகர்_30க்கு40

வணக்கம். வீட்டு மாடி சோலாருக்கு மத்திய அரசு மானியம் தரும் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் சோலார் போட நினைக்கிறேன். வீட்டு விவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 30க்கு 40 மனை, தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். தரைத்தளத்தில் நாங்கள், மேல் இரண்டும் வாடகை. மூன்றுக்கும் தனித்தனி பெஸ்காம் (பெங்களூர் மின் நிறுவனம்) மீட்டர். எங்கள் மீட்டரில் மாதம் சராசரி 310 யூனிட் ஓடுகிறது. சிங்கிள் ஃபேஸ், சாங்ஷன் லோடு (இணைப்புக்கு அனுமதித்த அளவு) 3 கிலோவாட். மொட்டை மாடியின் தெற்கு ஓரத்தில் 1,000 லிட்டர் தொட்டி இரண்டு, பக்கத்தில் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒன்று. கரண்ட் பில் இன்னும் காலமான அப்பா பெயரிலேயே வருகிறது.

பிஎம் சூர்ய கர் இணையதளத்தில் கர்நாடகா, பெஸ்காம் என்று போட்டுத் தேடினால் வெண்டர் பட்டியல் முடிவில்லாமல் போகிறது. மூன்று பேரிடம் விலை கேட்டேன். மூவரும் "3 கிலோவாட்" என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் விலை 1,48,000, 1,95,000, 2,30,000. முதல் ஆள், "ஓடிபி மட்டும் அனுப்புங்க, பதிவு, சப்சிடி எல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்" என்கிறார். அரசுப் பட்டியலில் பெயர் இருப்பவர் என்றால் அப்படியே நம்பிவிடலாமா? எதை வைத்து ஒப்பிடுவது?

———

பதில் 1 – மொட்டைமாடி_கணக்கு

ஓடிபி அனுப்பாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். பதிவு உங்கள் செல் நம்பரில், உங்கள் கையால் நடக்க வேண்டும். வெண்டர் தன் நம்பரைக் கொடுத்துப் பதிந்துவிட்டால், பிறகு அவரோடு ஒத்துப்போகாமல் வேறு ஆளிடம் மாறுவதும், வங்கிக் கணக்கு விவரம் கொடுப்பதும் அவர் தயவில் நிற்கும். தளத்தில் பதிய பத்து நிமிடம் போதும்: மாநிலம், மின் நிறுவனம், பில்லில் இருக்கும் 10 இலக்க அக்கவுண்ட் ஐடி, சமீபத்திய பில்லின் நகல். பில்லில் இருக்கும் இன்னொரு எண்ணான ஆர்.ஆர். நம்பரை அந்த இடத்தில் போட்டுவிட்டுப் பெயர் வரவில்லை என்று திணறுகிறவர்கள் நிறைய. அங்கே கேட்பது அக்கவுண்ட் ஐடி. எங்காவது சிக்கினால் 15555 என்ற இலவச உதவி எண் இருக்கிறது.

பட்டியலில் பெயர் இருக்கிறது என்றால் அந்த நிறுவனம் பதிவு செய்துகொண்டிருக்கிறது, அவர்கள் மூலம் போட்டால் மானியம் கிடைக்கும் என்று மட்டுமே பொருள். வேலைத் தரத்துக்கு அரசு கொடுத்த சான்று அல்ல அது. விலையையும் அரசு நிர்ணயிப்பதில்லை. நீங்களும் வெண்டரும் பேசி முடிக்கிற தொகைதான். பட்டியலுக்கு வெளியே உள்ளவரிடம் போட்டால் மானியமே கிடையாது. ஆகவே பட்டியல் தேவை, ஆனால் தேர்வு உங்கள் வேலை.

மானியக் கணக்கு: முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000, அதற்கு மேல் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000தான் உச்சம். இதில் பலரும் கோட்டை விடும் இடம், "3 கிலோவாட்" எதை வைத்து என்பது. பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டரின் (பேனல் தரும் டிசி மின்சாரத்தை வீட்டுக்கான ஏசியாக மாற்றும் கருவி) திறன், இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் மானியம். 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட், 3 கிலோவாட் இன்வெர்ட்டரோடு சேர்த்தால் முழு 78,000. அதே பேனல் ஐந்து மட்டும் என்றால் 2.7 கிலோவாட், மானியம் 72,600. ஆறு பேனலுக்கு 2.5 கிலோவாட் இன்வெர்ட்டர் மாட்டினால் 69,000. மூன்று கொட்டேஷனிலும் பேனல் எண்ணிக்கை, ஒரு பேனலின் வாட், இன்வெர்ட்டர் மாடல் என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து, 1,48,000 என்பது மானியம் கழித்த தொகையா என்று கேளுங்கள். அப்படியானால் உண்மை விலை 2,26,000. மூன்றாவது கொட்டேஷனுக்கும் அதற்கும் 4,000 ரூபாய்தான் வித்தியாசம்! மானியம் வெண்டருக்குப் போவதில்லை. நீங்கள் முழுத் தொகையையும் கட்டுகிறீர்கள். மீட்டர் மாட்டி, பெஸ்காம் பார்வையிட்டு, தளத்தில் கமிஷனிங் அறிக்கை (சோலார் இயங்கத் தொடங்கிவிட்டது என்ற அறிக்கை) ஏறிய பிறகு உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வருகிறது. 30 நாள் என்று விதி. கையில் முழுப் பணம் இல்லையென்றால் இந்தத் திட்டத்திலேயே 3 கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்கும். வட்டி, ரெப்போவுக்கு (ரிசர்வ் வங்கியின் அடிப்படை வட்டி) மேல் 0.5 சதவீதம் என்ற கணக்கில்.

ஜிஎஸ்டியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பேனலுக்கான வரி 12லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. பொருளும் வேலையும் சேர்த்த ஒப்பந்தத்தில் 70 பங்குக்கு 5, 30 பங்குக்கு 18, ஆக மொத்தத்தில் 8.9 சதவீதம். 13.8 என்று எழுதினால் பழைய விகிதம். முழுத் தொகைக்கும் 18 போட்டிருந்தால் தவறு. "ஜிஎஸ்டி தனி" என்று ஓரமாக எழுதியிருந்தால் 1,48,000க்கு இன்னொரு 13,172 ஏறும். ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். அதுதான் கர்நாடகப் பதிவு. இங்கே அலுவலகமே இல்லாதவர் ஐந்து வருடப் பராமரிப்புக்கு எப்படி வருவார்? இந்தத் திட்டத்தில் ஐந்து வருடப் பராமரிப்பு வெண்டரின் கடமை, தளத்தில் இருக்கும் மாதிரி ஒப்பந்தத்திலேயே அது உண்டு.

ஆளைச் சலிக்க ஒரு வழி: உங்கள் பெஸ்காம் சப்-டிவிஷனிலேயே (பகுதி அலுவலக எல்லையிலேயே) அவர்கள் முடித்துக் கொடுத்த இரண்டு வீட்டு முகவரி கேளுங்கள். ஒன்றாவது ஒரு மழைக்காலம் தாண்டியதாக இருக்க வேண்டும். போய்ப் பாருங்கள். வீட்டுக்காரரிடம் மூன்றே கேள்வி: பேனல் மாட்டிய நாளிலிருந்து நெட் மீட்டர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் அளப்பது) வர எத்தனை நாள் ஆயிற்று, ரிப்பேர் என்று கூப்பிட்டால் யார் வருகிறார்கள், பேசிய விலைக்கு மேல் எதற்குப் பணம் கேட்டார்கள். அதே சப்-டிவிஷன் என்று சொல்வதற்குக் காரணம், கோப்பு நகர்வது அங்கேதான். எந்தப் படிவம், எந்த மேசை என்று தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் முடியும்.

———

பதில் 2 – ஹலசூர்_வயரிங்

விலை வித்தியாசத்துல பாதி, கண்ணுக்குத் தெரியாத சாமான்லதான் இருக்கும் சார். பேனலும் இன்வெர்ட்டரும் எல்லாரும் பெரிய பேராத்தான் எழுதுவாங்க. மத்ததைக் கேளுங்க.

பேனல் டிசிஆர்னு எழுதியிருக்கணும். உள்ள இருக்கிற சோலார் செல்லும் இந்தியாவுல செஞ்சது, பேனலும் இந்தியாவுல செஞ்சதுன்னு அர்த்தம். மானியத்துக்கு அது கட்டாயம். "இந்தியக் கம்பெனி பேனல்"னு மட்டும் சொன்னா போதாது, வெளிநாட்டு செல்லை வாங்கி இங்க ஒட்டினதும் அதே கம்பெனி பேர்லதான் வரும், விலையும் குறைவு. சரக்கு மாடிக்கு ஏறின உடனே, மாட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேனல் பின்னாடியும் இருக்கிற சீரியல் நம்பரைப் போட்டோ எடுத்து, பில்லுலயும் டிசிஆர் சான்றுலயும் இருக்கிற நம்பரோட ஒத்துப் பாருங்க. மாட்டிட்டா அடியில குனிஞ்சு பார்க்க முடியாது.

ஸ்ட்ரக்சர்: ஹாட் டிப் கால்வனைஸ் (உருக்கின துத்தநாகத்துல முக்கின) குழாய், 80 மைக்ரான் பூச்சு, எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத ஸ்டீல்) போல்ட், கிளாம்ப். வெறும் இரும்புல பெயின்ட் அடிச்சுத் தர்றவங்க இருக்காங்க, வெல்டிங் போட்ட இடத்துல ரெண்டே மழையில துரு இறங்கும். திட்டத்தோட விதிப்படி 150 கிலோமீட்டர் வேகக் காத்துக்குத் தாங்கணும். நம்ம ஊர்ல ஏப்ரல், மே மாசம் சாயங்கால மழைக்கு முன்னாடி ஒரு சுழற்சிக் காத்து அடிக்குமே, அதுலதான் பேனல் பறக்கும். துணி காயப்போட வசதியா 7, 8 அடி உயரத்துல போடச் சொன்னா காத்து அடியில புகுந்து தூக்கும், அதனால காலும் குறுக்குக் கம்பியும் கூடுதலா வேணும், விலையும் ஏறும். மூணாவது கொட்டேஷன் 2,30,000ன்னா உயர ஸ்ட்ரக்சரான்னு கேளுங்க, அப்படின்னா அது ஏமாத்து விலையா இருக்காது. கால் நிறுத்த ஸ்லாபைத் துளை போட்டா வாட்டர் புரூஃபிங் போச்சு. ஒரு அடி நீள, அகல, உயர கான்கிரீட் கட்டை ஒண்ணு 65, 70 கிலோ வரும். அதுல அடிதட்டு பதிச்சு நிறுத்தலாம். துளை போட்டே ஆகணும்னா கெமிக்கல் ஆங்கர், சுத்தி சீலன்ட்.

எர்த்திங் மூணு தனித்தனி குழி: டிசி பக்கத்துக்கு ஒண்ணு, ஏசி பக்கத்துக்கு ஒண்ணு, இடிதாங்கிக்கு ஒண்ணு. 30க்கு 40 மனையில இடமில்லன்னு சொல்லி எல்லாத்தையும் வீட்டுப் பழைய எர்த்துல முடிச்சு விடுவாங்க. இடி விழுந்தா அந்த வழியா வீட்டு டிவி, பிரிட்ஜ் வரைக்கும் போகும். முன்பக்க செட்பேக்குல (காலியா விட்ட இடத்துல) வரிசையா போட இடம் கிடைக்கும். போட்டு முடிச்சதும் எர்த் டெஸ்டர் வெச்சு அளந்து காட்டச் சொல்லுங்க, 5 ஓமுக்குள்ள வரணும்.

ரொம்ப முக்கியமா ஒண்ணு, யாருமே கேக்குறதில்ல. உங்களுது மூணு தளம். இன்வெர்ட்டர் மாடியில, மீட்டர் கீழ. 30 மீட்டர் கேபிள் ஓடும். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் இழுத்தா போய்வர கிட்டத்தட்ட 6 வோல்ட் ஏறும், 6 ஸ்கொயர்னா ரெண்டரை வோல்ட்டுக்குள்ள. மத்தியானம் லைன்லயே 245, 248 வோல்ட் நிக்கிற தெரு நிறைய. அது மேல 6 ஏறினா 253ஐத் தாண்டி இன்வெர்ட்டர் தானா நின்னுடும், நல்ல வெயில் நேரத்துலயே. வெண்டர் "பெஸ்காம் வோல்டேஜ் சார்"னுட்டுப் போயிடுவார். கொட்டேஷன்லயே ஏசி கேபிள் 6 ஸ்கொயர் காப்பர்னு எழுதி வாங்குங்க. டிசி பக்கம் 4 ஸ்கொயர் சோலார் கேபிள். பேனல் ஒயரை இணைக்கிற எம்சி4 கனெக்டர் ரெண்டு பாதியும் ஒரே கம்பெனியா இருக்கணும்; கலந்து போட்டா சூடாகி உருகும், தீப்பிடிக்கிறதும் அங்கதான்.

இன்னொண்ணு, கரண்ட் போனா இந்த சோலாரும் நின்னுடும். லைன்மேன் கம்பத்துல ஏறியிருக்கும்போது உங்க வீட்டுலேர்ந்து கரண்ட் போகக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்கு. "பவர் கட்டுக்கும் ஓடும்"னு ஒருத்தர் சொன்னா ஹைபிரிட் இன்வெர்ட்டரும் (பேட்டரியோடயும் ஓடுறது) பேட்டரியும் வேணும். பேட்டரிக்கு மானியம் கிடையாது.

———

ராமமூர்த்திநகர்_30க்கு40

கேட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரிதான்: முதல் ஆளின் 1,48,000 மானியம் கழித்த தொகை, அதுவும் ஐந்து பேனலுக்கு! நெட் மீட்டர் செலவு தனியாம். இரண்டாவது 1,95,000, ஆறு பேனல், 3 கிலோவாட் இன்வெர்ட்டர், ஜிஎஸ்டி உள்ளே, 2 அடி உயரம். மூன்றாவது 8 அடி உயர ஸ்ட்ரக்சர். இரண்டாமவர் 80 சதவீத முன்பணம் கேட்கிறார். அப்பா பெயரில் இருக்கும் பில்லை வைத்தே போட்டுவிடலாம் என்று மூவரும் சொல்கிறார்கள்.

———

பதில் 3 – காத்தா_பட்டா

பெயர் மாற்றாமல் ஆரம்பிக்க வேண்டாம். பேனல் மாட்டும் வரை எந்தத் தடையும் வராது, அதனால்தான் வெண்டர்கள் கவலைப்படுவதில்லை. முட்டுவது கடைசியில்: பெஸ்காமோடு நெட் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பில்லில் பெயர் உள்ளவர், மானியம் போக வேண்டிய வங்கிக் கணக்கும் அந்தப் பெயரில். இரண்டு இடத்திலும் காலமானவர் பெயர் நின்றால் மாடியில் பேனல் வெயில் காய்ந்துகொண்டிருக்க, கோப்பு மாதக்கணக்கில் உறங்கும்.

சப்-டிவிஷன் அலுவலகத்தில் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுங்கள். இறப்புச் சான்று, நாட கச்சேரியில் வாங்கும் வாரிசுச் சான்று அல்லது வம்சவிருட்சம் (குடும்ப மர ஆவணம்), அம்மாவும் உடன்பிறந்தவர்களும் ஆட்சேபம் இல்லை என்று கொடுக்கும் உறுதிமொழி, காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு), சமீபத்திய சொத்து வரி ரசீது, உங்கள் ஆதார், பாக்கி இல்லாத கடைசி பில். காத்தாவும் அப்பா பெயரில்தான் என்றால் அதையும் கையோடு தொடங்கிவிடுங்கள். பழைய டெபாசிட் தொகையும் உங்கள் பெயருக்கு மாறியதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழர்களுக்கு இதில் தனித் தொல்லை: பில்லில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் விரிவாகப் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லாமல். பெஸ்காம் பெயரை மாற்றும் இந்த நேரத்திலேயே ஆதாரில் உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டால் மறுபடி அலைய வேண்டாம். வங்கி இணைப்பில் ஐஎஃப்எஸ்சி மாறிய பழைய கணக்கு என்றால் புதிய குறியீடு உள்ள காசோலையை ஏற்றுங்கள்; மானியம் திரும்பிப் போக அதுவும் ஒரு காரணம்.

முன்பணம் 80 சதவீதம் வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 10, சரக்கு மாடிக்கு வந்து சீரியல் நம்பர் ஒத்துப்போனதும் 60, மாட்டி முடித்து எர்த் அளவு காட்டியதும் 15, நெட் மீட்டர் மாட்டித் தளத்தில் கமிஷனிங் ஏறியதும் 15. கடைசி 15 சதவீதம் கையில் இருப்பதால்தான் மீட்டர் வேலைக்கு வெண்டர் பெஸ்காமுக்கு நடப்பார். பைடைரக்ஷனல் மீட்டர் (அதாவது நெட் மீட்டர்) விலை, அதைச் சோதிக்கும் கட்டணம், முத்திரைத்தாள் ஆகியவை யார் செலவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

———

பதில் 4 – ஸ்டார்லேபிள்

எல்லோரும் 3 கிலோவாட்டிலேயே நிற்கிறீர்கள். 310 யூனிட்டை முதலில் குறைக்க வழி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே. பழைய மின்விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறி 30 வாட். ஐந்து விசிறி, நாளுக்கு 10 மணி நேரம் என்றால் மிச்சம் 2.25 யூனிட், மாதம் 67. மீதி 243 யூனிட். 1 கிலோவாட் நம் ஊரில் வருட சராசரியாக நாளுக்கு 4 யூனிட், மாதம் 120 தரும் என்றால் 2 கிலோவாட்டே போதும். மானியம் கிலோவாட்டுக்கு மிகுதியாகக் கிடைப்பதும் அந்த முதல் இரண்டுக்குத்தான். நாலு பேனல், மாடியில் இடமும் மிச்சம்.

———

மொட்டைமாடி_கணக்கு

விசிறிக் கணக்கு சரி, அதை நானும் செய்யச் சொல்வேன். ஆனால் 2 கிலோவாட்டுக்கு இறங்க மாட்டேன். ஸ்ட்ரக்சர் கூலி, எர்த்திங், கேபிள், மீட்டர், கோப்பு வேலை எல்லாம் இரண்டுக்கும் மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. மூன்றாவது கிலோவாட்டுக்குக் கூடுதலாக ஆவது இரண்டு பேனலும் கொஞ்சம் பெரிய இன்வெர்ட்டரும். அதிலும் 18,000 திரும்ப வருகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் மூடிய மாதங்களில் அந்த 4 யூனிட் கிடைக்காது. நாளை மின்சார ஸ்கூட்டர் வந்தால் அதற்கும் வேண்டும்.

ஆனால் ஒன்று: சோலார் எந்த மீட்டரில் இணைகிறதோ அந்த மீட்டரின் பில் மட்டுமே குறையும். மாடிக் குடித்தனக்காரர்களின் மீட்டர் கிருஹ ஜோதியில் (200 யூனிட் வரை கர்நாடக அரசு தரும் இலவச மின்சாரத் திட்டம்) பூஜ்யமாக வந்தால் அங்கே இணைத்துப் பயனே இல்லை. 200ஐத் தாண்டி முழு பில் கட்டுவது உங்கள் தரைத்தள மீட்டர். அதில்தான் இணைக்க வேண்டும். 2025-26 கட்டணத்தில் யூனிட் 5.80, வரியும் (மின் ஊழியர்) ஓய்வூதியத்துக்கான கூடுதல் கட்டணமும் சேர்த்து 310 யூனிட்டுக்கு சுமார் 2,070 மிச்சம். அந்த ஆண்டு கிலோவாட்டுக்கு 145 ஆக இருந்த நிலைக்கட்டணம் சோலார் போட்டாலும் போகாது. 1,95,000இல் 78,000 போனால் 1,17,000, ஐந்து வருடத்துக்குள் தேறிவிடும். "பில் பூஜ்யம்" என்று சொல்லும் வெண்டர் நிலைக்கட்டணத்தை மறைக்கிறார். 5 கிலோவாட் போடச் சொல்லித் தூண்டினாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 10 கிலோவாட் வரை ஆய்வு இல்லாமலே ஏற்று, அதற்கேற்ப சாங்ஷன் லோடையும் மின் நிறுவனமே உயர்த்த வேண்டும் என்று 2024 விதி சொல்கிறது. ஆனால் லோடு ஏறினால் நிலைக்கட்டணமும் ஏறும், மானியமோ அதே 78,000.

———

ராமமூர்த்திநகர்_30க்கு40

பெயர் மாற்றத்துக்கு நாளை போகிறேன். கடைசியாக ஒன்று. தொட்டிகள் தெற்கு ஓரத்தில் இருக்கின்றன. இரண்டாமவர் அதற்கு இரண்டடி தள்ளி வடக்கே பேனல் போடலாம், நிழல் விழாது என்கிறார். மேடையோடு சேர்த்து தொட்டியின் உச்சி பேனல் மட்டத்திலிருந்து 5 அடி உயரம்.

———

ஹலசூர்_வயரிங்

விழும் சார். அவர் வந்து பார்த்தது ஏப்ரல், மே மாசமா இருக்கும், அப்போ சூரியன் தலைக்கு மேல. டிசம்பர்ல தெற்கே சாய்ஞ்சிடும். அப்போ நடுப்பகல்லயே 5 அடிக்கு மூணே முக்கால் அடி நிழல் வடக்கே விழும், காலை ஒன்பது மணிக்கும் மத்தியானம் மூணு மணிக்கும் ஏழரை அடிக்கு மேல, சாய்வா. ஆறு பேனலும் ஒரே வரிசையில சீரிஸ்ல (ஒண்ணோட ஒண்ணு தொடர்ச்சியா) இணைஞ்சிருக்கு, ஒண்ணு மேல நிழல் விழுந்தா அதோட போகாது, மொத்த வரிசையும் இழுபடும். பேனலுக்குள்ள இருக்கிற பைபாஸ் டையோடு காப்பாத்தும், ஆனா நிழல் விழுந்த பகுதியை அது கழிச்சு விட்டுடும், அவ்வளவு உற்பத்தி போச்சு.

ரெண்டு வழி. தொட்டியையும் ஹீட்டரையும் வடக்கு ஓரத்துக்கு மாத்துங்க. பிளம்பர் கூலி, கொஞ்சம் குழாய், ஒரு மேடை, அவ்வளவுதான், 25 வருஷத்துக்கு ஒரு தடவை செலவு. இல்லன்னா பேனலையே தொட்டி உச்சிக்கு மேல வர்ற மாதிரி 8 அடியில போடுங்க, அதுதான் மூணாவது கொட்டேஷன். மாத்துற செலவையும் சேர்த்து ரெண்டாவது ஆளோட விலையை மூணாவதோட ஒப்பிடுங்க. சாய்வு 10லேர்ந்து 15 டிகிரி, தெற்கு பார்த்து. அதுக்குக் கம்மியா தட்டையா வெச்சா தூசி வழியாது. நடுவுல பேனலைத் துடைக்க ஆள் நிக்க ஒன்றரை அடி வழி விடச் சொல்லுங்க. போர் தண்ணி காய்ஞ்சா வெள்ளையா உப்பு படியும், அதனால விடியற்காலையில காவிரித் தண்ணியில, மெத்துத் துணியில துடைக்கிற மாதிரி மாடியில ஒரு குழாயும் அந்தப் பக்கமே இழுத்து வெச்சுக்கோங்க.